இரண்டு விடியல் தூரம்

பேர்த்தில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. எந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னாலும், இடையில் எத்தனை கிலோமீற்றர், விமானத்தில் எத்தனை மணித்தியாலம் என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்துச் சொல்வது அவனுக்கு இப்போதைய பைத்தியம். நான் டிக்கெட் எடுத்த அன்று பின்னேரம் அழைப்பில் வந்தான்.

“மாமா, கொழும்பிலயிருந்து இங்க ஐயாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர்தானாம். ஏழே முக்கால் மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. நீங்கள் ஏன் பதினாலு மணித்தியாலம் வாறீங்கள்?”

“அதைப் பிளேன்காரரிட்டக் கேள்” என்றேன்.

பின்னாலிருந்து தங்கையின் குரல்: “அண்ணா, அவனோட மினக்கெடாமல் ஸ்வெட்டரை எடுத்து வையுங்கோ. ஜூலையில இங்க சரியான குளிர்.”

அவன் சொன்ன கணக்கில் பிழை ஒன்றுமில்லை. ஒரு தேங்காயில் இரண்டு புள்ளி வைத்து, நூலை இறுக்கிப் பிடித்தால் எந்த வழியாக அது படியுமோ அதுதான் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி. அதன் நீளத்தை ஒரு ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணித்தியாலம் கூட்டிப் போட்டுவிடுகிறது அந்தக் கைப்பேசிக் கணக்கு. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது அதன் பாடு இல்லை. என் டிக்கெட்டின்படி நான் முதலில் தென்கிழக்கே சிங்கப்பூருக்குப் போக வேண்டும், ஐந்து மணித்தியாலம் அங்கே குந்தியிருக்க வேண்டும், பிறகு தெற்கே திரும்ப வேண்டும். 2,700ம் 3,900ம் சேர்த்து 6,600 கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. இலங்கையிலிருந்து பேர்த்துக்கு நடுவில் எங்கும் தரிக்காமல் விமானம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1943இல். மூன்று பயணிகளோடு. இருபத்தெட்டு மணித்தியாலம்.

அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவோம் என்று தோன்றியது. வெள்ளவத்தையில் இருக்கிறவனுக்குத் தெற்கே போகும் ரயில் வீட்டு வாசலில் ஓடுவது போலத்தான். காலியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கொக்கலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. இரண்டுக்கும் நடுவில் ரயில் பாதை, காலி வீதி, ஒரு விமான ஓடுபாதை, ஏற்றுமதி வலயத்து ஆடைத் தொழிற்சாலைகள். கடற்கரையில் கம்பு நட்டு அதன்மேல் குந்தியிருந்து தூண்டில் போடுகிறவர்களைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர் வருகிறார்கள். மீன் அகப்படாவிட்டாலும் படத்துக்குக் காசு அகப்படுகிறது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் இது. போர்க்காலத்தில் விமானத் தளம் கட்ட ஊரையே கிளப்பினார்கள். அவர் பிறந்த வீடு தப்பிவிட்டது. இன்று அது நாட்டார் அரும்பொருட் காட்சியகத்தின் நடுவில் நிற்கிறது; பழைய வண்டிகளையும் கலப்பைகளையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போகிறார்கள்.

ஏரியில் படகு விடுகிற பெடியனிடம், “இங்கேயிருந்து பெரிய விமானங்கள் பறந்ததாமே, தெரியுமா?” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கறுவாத் தோட்டத் தீவைக் காட்டி, அங்கே போய்வர எவ்வளவு என்று சொன்னான்.

பறந்தவை பெரிய விமானங்கள்தான், ஆனால் சக்கரத்தில் ஓடி எழும்பியவை அல்ல. கட்டலினா என்ற நீர்விமானங்கள்: வள்ளத்துக்குத் தலைக்குமேல் இறக்கை பூட்டியது போன்ற உருவம், இறக்கையில் இரண்டு எஞ்சின்கள். பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கொக்கலை ஏரி ஏற்கெனவே தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இந்த ஏரியிலிருந்து கிளம்பிய கனடிய விமானி லெனாட் பேர்ச்சல்தான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியவர். அனுப்பி முடிக்குமுன் அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். உயிர் பிழைத்துப் போர்க் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது.

ஜப்பானியர் இவ்வளவு கிட்ட வரக் காரணமான அதே சம்பவம்தான் கொக்கலையையும் பேர்த்தையும் ஒரு நூலில் கட்டியது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. அதுவரை லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையேயான விமானப் பாதை சிங்கப்பூர் வழியாகத்தான் போனது. 1935இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது பிரிஸ்பேனிலிருந்து லண்டன் சேரப் பன்னிரண்டரை நாள் ஆனது. 1938இல் சிட்னி ரோஸ் பே குடாவிலிருந்து பெரிய நீர்விமானங்கள் ஓடத் தொடங்கியபின் அது ஒன்பது பத்து நாளாகக் குறைந்தது. இரவில் பறப்பதில்லை, மாலையில் ஏதாவது ஓர் ஆற்றிலோ துறைமுகத்திலோ இறங்கி, ஹோட்டலில் படுத்து, காலையில் மறுபடி ஏறுவார்கள். கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்த வழிக்கு இது மந்திரம் போல இருந்திருக்கும். சிங்கப்பூர் விழுந்ததும் அந்தச் சங்கிலி நடுவில் அறுந்தது.

அறுந்த சங்கிலியை இணைக்க ஒரே வழி, ஜப்பானியரின் கைக்குள் வராத இந்து சமுத்திரத்தை ஒரே தாவலில் கடப்பது. கொக்கலை ஏரிக்கும் பேர்த்தின் சுவான் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். நடுவில் இறங்கி எண்ணெய் அடிக்க இடமில்லை. அப்போது எந்தப் பயணிகள் விமானமும் அவ்வளவு தூரம் தரிக்காமல் பறந்ததில்லை. பிரிட்டன் கொடுத்த ஐந்து கட்டலினாக்களை வைத்துக் குவாண்டாஸ் நிறுவனம் 1943 ஜூன் இறுதியில் அதைத் தொடங்கியது. விமானங்களுக்கு வைத்த பெயர்களே தொழிலைச் சொல்லும்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைக்கா. நட்சத்திரங்கள். நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் அல்டேர் திருவோணம், அன்டாரஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. இரவில் அவற்றைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். எதிரி காதில் விழும் என்பதால் விமானத்திலிருந்து வானொலியில் வாய் திறக்கக் கூடாது, காலநிலைச் செய்தியைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஜப்பானிய விமானங்கள் நடமாடக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள்.

எடையைக் குறைக்கிற வேலையைப் படித்தபோது கல்யாண வீட்டுக்கு லொறியில் சாமான் ஏற்றுகிற ஞாபகம்தான் வந்தது. ஒன்றை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டும். உள்ளே இருந்த வெப்பக் காப்பு உறையை உரித்தார்கள், பனி உறையாமல் தடுக்கிற சாதனங்களைக் கழற்றினார்கள். மேலதிகத் தொட்டிகள் பூட்டி 9,000 லீற்றர் எரிபொருள் நிரப்பினார்கள். அதற்குப் பிறகு மிஞ்சிய இடம் சுமார் 450 கிலோ. ஐந்து பேர் கொண்ட விமானக் குழு போக, கூடினால் மூன்று பயணிகள், ஒரு தபால் பை. அந்தப் பையிலும் கடிதங்கள் அப்படியே போகவில்லை. படைவீரர்களின் கடிதங்களைச் சிறு படச்சுருளில் படம் பிடித்து அனுப்பி, அங்கே அதைப் பெருப்பித்து அச்சிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு எழுதிய ஒரு பக்கம் விரல் நகமளவு படமாகக் கடல் கடந்தது.

தண்ணீரைவிட்டு எழும்பும்போது விமானத்தின் எடை அதன் அளவுக்கு மீறியது. முதல் பத்து மணித்தியாலத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றால் மற்ற எஞ்சினால் தாங்க முடியாது என்பது ஏறியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எரிபொருள் எரிந்து பாரம் குறையும்வரை அது உயிரைப் பணயம் வைத்த பறப்புத்தான். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகம். காலி வீதியில் இரவுக் கடைசி பஸ் ஓடுகிற வேகத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காற்றுச் சாதகமாக இருந்தால் 27 மணித்தியாலம், எதிர்த்தால் 30, 31. ஒருமுறை 32 மணித்தியாலமும் 9 நிமிடமும். மணிக்கணக்கில் பார்த்தால் இன்றுவரை எந்தப் பயணிகள் சேவையும் அவ்வளவு நேரம் தொடர்ந்து வானத்தில் இருந்ததில்லை. இப்போது உலகிலேயே நீளமான சேவை என்று சொல்லப்படும் சிங்கப்பூர்–நியூயோர்க் விமானம்கூடப் பத்தொன்பது மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

வழியில் சூரியன் இரண்டு தடவை உதித்தது. அதனால் அந்தச் சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. பயணம் முடித்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசிய அணி’யின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ். போர் முடியும்வரை வெளியில் காட்ட முடியாத சான்றிதழ்.

பேர்த் போகும் திசையில் கிழக்கே சுமார் 35 டிகிரி நகர வேண்டும். டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் முந்திக்கொள்ளும். ஆகவே முதல் விடியலுக்கும் இரண்டாவது விடியலுக்கும் இடையே இருபத்துநாலு மணித்தியாலத்துக்குக் குறைவுதான். திரும்பி வருகிறவர்களுக்கு மாறாக நீளும். எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. குளிருக்குப் போர்வைதான். கீழே கடல், மேலே வானம், முன்னால் பார்க்கப் படத்திரை கிடையாது. அந்த ஆட்களுக்கு நேரம் போவதைக் காட்டச் சூரியன் ஒன்றுதான் இருந்திருக்கும்.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானமும் விழவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவுடனான கடனுதவி ஒப்பந்தத்தின்படி அந்தக் கட்டலினாக்களை வைத்துக்கொள்ள முடியவில்லை; கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். இத்தனை தடவை கடல் மேல் தப்பி வந்தவற்றைக் கடலிலேயே தாழ்த்தியதை வாசித்தபோது கொஞ்சம் வயிறெரிந்தது. ஒன்றையாவது கொக்கலைக்குத் தந்திருக்கலாம். படகுப் பெடியனுக்கும் காட்ட ஏதாவது இருந்திருக்கும்.

கட்டலினா ஓடிக்கொண்டிருந்தபோதே 1944 நடுப்பகுதியில் லிபரேற்றர் என்ற நாலு எஞ்சின் தரை விமானங்கள் வந்துவிட்டன. அவை இரத்மலானையில் இறங்கின. அதே கடலை ஏறத்தாழப் பதினேழு மணித்தியாலத்தில் தாண்டின. அப்படியானால் சூரியன் ஒருமுறைதான்.

பிறகு சிங்கப்பூர் திரும்பக் கிடைத்தது. இலங்கை வழியிலிருந்து மெல்லக் கழன்றது. 1947 டிசம்பர் 1ஆம் திகதி சிட்னியிலிருந்து புறப்பட்ட கொன்ஸ்டலேசன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி வழியாக நாலு நாளில் லண்டன் சேர்ந்தது. 29 பயணிகள், 11 பணியாளர். கங்காரு தாவுவது போலத் தாவித் தாவிப் போவதால் ‘கங்காரு வழி’ என்று அதற்குப் பெயர். தாவலில் கொழும்பு இல்லை. ஒரு தீவின் முக்கியத்துவம் எத்தனை விரைவில் வந்து எத்தனை விரைவில் போகிறது பாருங்கள். இரண்டு வருடம் உலகின் மிக நீளமான விமானப் பாதையின் ஒரு முனை. அடுத்த இரண்டு வருடத்தில் வரைபடத்தின் ஓரம்.

அதே 1947 டிசம்பரில், பத்தாம் திகதி, எயார் சிலோன் தன் முதல் சேவையை நடத்தியது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கிப் படம் பார்த்துவிட்டு வந்த கதையை நாங்கள் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம். பலாலிக்கும் சென்னைக்கும் 350 கிலோமீற்றருக்குச் சற்றே கூட. ஆனால் உள்நாட்டுப் போர் வந்தபின் யாழ்ப்பாணத்து ஆள் சென்னை போவதென்றால் தெற்கே கொழும்புக்கு ஓர் இரவு பஸ், வழியில் சோதனைச் சாவடிகள், கட்டுநாயக்காவில் விமானம், பிறகு வந்த வழியே வடக்கே பறப்பது. ஜன்னலோரம் இருந்தால் தன் ஊர்ப்பக்கத்தையே மேலேயிருந்து பார்க்கலாம். 2019 நவம்பரில்தான் பலாலியிலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம் ஓடியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. அத்தனை வருடமும் அந்த 350 கிலோமீற்றர் 350ஆகவேதான் இருந்தது. மருமகன் தட்டிப் பார்த்திருந்தால் கைப்பேசி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்று காட்டியிருக்கும்.

இரண்டு ஊருக்கிடையே எவ்வளவு நேரம் என்று யார் சொன்னாலும் எனக்கு அதனால்தான் சந்தேகம். நேரத்தைத் தூரம் முடிவு செய்வது கொஞ்சம்தான். நடுவில் யார் நிற்கிறார்கள், யாருடைய வானம், யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மிச்சம்.

பேர்த்தே இதற்குச் சாட்சி. 1989 ஓகஸ்டில் குவாண்டாஸ் தன் புதிய 747-400 ஒன்றை லண்டனிலிருந்து சிட்னிக்குத் தரிக்காமல் கொண்டுவந்தது. 20 மணித்தியாலம் 9 நிமிடம். பயணிகளை ஏற்றவில்லை, சாதாரணத்தைவிடக் கனதியான எரிபொருளைத் தனியாகச் செய்வித்து நிரப்பினார்கள், எஞ்சினைப் போட்டு எண்ணெய் செலவழிக்காமல், ஓடுபாதை வரைக்கும் வண்டியில் கட்டி இழுத்துப்போனார்கள். கட்டலினாவில் பார்த்த அதே கஞ்சத்தனம். 2018 மார்ச்சில் பேர்த்–லண்டன் நேரடிச் சேவை தொடங்கியபோதுதான் அவுஸ்திரேலியாவும் ஐரோப்பாவும் முதல் முறையாக ஒரே தாவலில் இணைந்தன. 14,498 கிலோமீற்றர், ஏறத்தாழப் பதினேழு மணித்தியாலம், 236 இருக்கைகள்.

அந்தச் சேவையில் ஓடும் 787 விமானத்தின் தொட்டிகள் முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 126,000 லீற்றர் கொள்ளும். இருக்கைக்கு 535 லீற்றர் என்று வரும். கட்டலினாவில் பயணிக்கு 3,000. அதுவும் அரைவாசிக்கும் குறைந்த தூரத்துக்கு. முன்னேற்றம் என்ற சொல்லை நான் இலேசில் எழுதுவதில்லை, இதற்கு எழுதலாம்.

அப்படிப்பட்ட விமானமும் 2024 ஏப்ரலில் தடுமாறியது. மத்திய கிழக்கில் பதற்றம் கூடியதால் ஈரானின் வானத்தைச் சுற்றிப் போகவேண்டி வந்தது. எதிர்க்காற்றில் அந்தச் சுற்றுவழிக்குத் தேவையான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு, முழுப் பயணிகளோடு லண்டன் சேர முடியாது. ஆகவே பேர்த்திலிருந்து லண்டன் போகிற விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போனது. லண்டனிலிருந்து திரும்புகிற விமானத்துக்குக் காற்றுத் துணை இருந்ததால் நேரே வந்தது. 1942இல் போரால் அடைபட்ட சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டுதான் பேர்த்திலிருந்து கிளம்பினார்கள். 2024இல் வேறு போருக்கு ஒதுங்க அதே சிங்கப்பூர் உதவியது.

நான் போன அன்று சிங்கப்பூரில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. இருக்கைக்கு முன்னால் இருந்த திரையில் சின்ன விமானப் படம், அதற்குக் கீழே மிச்சத் தூரம்: 41, 38, 35. சுமாத்திராப் பக்கம் முகில்கள் நுனியில் சிவந்து, பிறகு மாம்பழத் தோல் நிறமாகின. என் வரிசையில் மற்ற இருவரும் கைப்பேசியை உயிர்ப்பிக்கக் குனிந்திருந்தார்கள்.

இரண்டாவது விமானம் மத்தியானம். கடலுக்கு மேல் வந்ததும், ஜன்னலுக்குத் தட்டியில்லாத அந்த விமானத்தில் யாரோ எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்த, எல்லாக் கண்ணாடியும் ஒரே சமயத்தில் கருநீலமாகிப் போனது. பகல் ஒரு மணி. சூரியன் ஒரு நீல நாணயமாகத் தொங்கியது. பணிப்பெண்ணிடம் கேட்டேன், என் ஜன்னலை மட்டும் வெளிச்சமாக்க முடியாதா என்று. “மற்றவர்கள் தூங்குகிறார்கள், ஐயா” என்று புன்னகையோடு சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் தூங்கவில்லை. கார் மோதுகிற படம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரையில் மிச்சத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டலினாவில் போனவர்களுக்குக் குளிரும் இரைச்சலும் சாவுப் பயமும் இருந்தன. அந்தப் பயணத்தை இன்று யாராவது இலவசமாகத் தந்தாலும் நான் ஏறமாட்டேன். ஆனால் அவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் கிடைத்தது. எனக்கு அந்த நாளை அணைத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கடலில் இரட்டை எஞ்சின் விமானம் பறப்பது இன்று யாருக்கும் செய்தியே அல்ல. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஓர் எஞ்சின் நின்றால் மற்றதை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தைப் பிடிக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் அது அறுபது நிமிடம். 1985இல் 120 ஆனது. 787க்கு 330 நிமிடம் வரை அனுமதி உண்டு. எஞ்சின்கள் அவ்வளவுக்கு நம்பகமாகிவிட்டன. அந்த எல்லைக்குள் ஒதுங்கும் இடமாக வைத்துக் கணக்குப் போட, இந்தப் பெரிய வெறுமையில் கொக்கோஸ் தீவுகள் போன்ற ஓரிரு ஓடுபாதைகள்தான் இருக்கின்றன. 2014இல் காணாமல்போன மலேசிய விமானத்தைத் தேடியபோது, பேர்த்திலிருந்து சுமார் 2,500 கிலோமீற்றர் தென்மேற்கே போய்ச் சேர்ந்த தேடல் விமானங்கள் இரண்டொரு மணித்தியாலம் தேடிவிட்டு எண்ணெய்க்காகத் திரும்பவேண்டி இருந்தது. கடல் சுருங்கவே இல்லை.

குவாண்டாஸ் இப்போது சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்கு ஆயத்தம் செய்கிறது. 2022இல் இதற்கென்று பன்னிரண்டு எயார்பஸ் ஏ350-1000 விமானங்களுக்குச் சொல்லி வைத்தார்கள். பின்பக்கத்தில் 20,000 லீற்றர் மேலதிகத் தொட்டி, இருக்கை வழமையைவிடக் குறைத்து 238, கை கால் நீட்டி நிற்க ஒரு தனி இடம். ஏறத்தாழ இருபது மணித்தியாலம் பறக்கும் அந்தத் திட்டத்துக்கு ‘புரொஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர் வைத்ததற்குக் காரணம் கொக்கலை–பேர்த் கட்டலினாக்கள்தான். இரண்டு விடியல் அதிலும் வருமாம். கண்ணாடியை யார் கருநீலமாக்காமல் விடுவார்கள் என்பது எனக்கிருக்கும் ஒரே கேள்வி.

பேர்த்தில் இறங்கிய மூன்றாம் நாள் காலை மருமகனைக் கூட்டிக்கொண்டு மட்டில்டா குடாவுக்குப் போனேன். குளிர்காலத்தில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் வரும். அவனை எழுப்பத் தங்கைக்குச் சிரமமில்லை. பல்கலைக்கழகத்துக்கு முன்னால் சுவான் ஆறு அகன்று கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி, மரப்பாலத்தின் நுனியில் நீல நிறத்தில் ஒரு படகுக் கொட்டில். அதன்முன் நின்று படம் எடுக்க அந்தக் குளிரிலும் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கட்டலினாக்கள் இறங்கியது இந்தக் குடாவில்தான். கிழக்கே மலைத்தொடருக்கு மேல் வெளிச்சம் ஒரு கோடாக வந்தது.

கதையை அவனுக்குச் சொன்னேன். பாதி கேட்கும்போதே கைப்பேசியை எடுத்துவிட்டான். கொக்கலையையும் அதற்குத் தெரிந்திருந்தது. சின்ன ஓடுபாதை என்றாலும் பட்டியலில் இருக்கிறது.

“ஐயாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஏழரை மணித்தியாலம், மாமா.”

“இருபத்தெட்டு” என்றேன்.

“இங்க ரன்வே இல்லையே. அவையள் எங்க இறங்கினவை?”

தண்ணீரைக் காட்டினேன். அப்போது பார்த்து ஒரு கருப்பு அன்னம் தென் கரைப் பக்கமிருந்து தாழ்வாக வந்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி, ஆற்றில் நீளமாக ஒரு கீறு போட்டபடி சறுக்கிப் போய் நின்றது. அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, அது மறுபடி எழும்புமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.